கல்லறைக் கல்லுக்கு ஆயுசு 60 நாள்

எங்க ஊர் பிச்சாட்டூர். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவுல புது மாவட்டங்கள் பிரிச்சப்ப, சித்தூர் மாவட்டத்துல இருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போயிடுச்சு. வீடும் நகரல, ஏரியும் நகரல. மாறினது ஏடு மட்டும்தான். ஆனா அம்மாவோட ஒரு பேப்பர்ல சித்தூர், இன்னொண்ணுல திருப்பதி. ஒரே ஆள், ரெண்டு ஆள் மாதிரி!

மெயில் சர்வர்ல ஆணி புடுங்குற எங்களுக்கு இது பழகின வம்பு. கொஞ்சம் பழைய கதை பார்ப்போமா?

1996-ல மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 4.0 வந்தப்ப, முகவரி ஏடு மெயில் சர்வருக்குள்ளேயே இருந்துச்சு. எக்ஸ்சேஞ்ச் 2000 வந்ததும் அது விண்டோஸோட ஆக்டிவ் டைரக்டரிக்குக் குடிபோச்சு. ஏட்டுக்குப் பல சர்வர்கள்ல பிரதி உண்டு. ஒண்ணுல எழுதினா மத்ததுக்கும் போய்ச் சேரணும். இதுதான் ரெப்ளிகேஷன்.

சேர்க்கிறது சுலபம், நீக்குறதுதான் கஷ்டம். அடியோட அழிச்சுட்டா, அழிச்ச சேதியை மத்த சர்வருக்கு யார் சொல்றது? அதனால அந்த இடத்துல ஒரு அடையாளம் விட்டுவைப்பாங்க. பேரே டூம்ஸ்டோன், கல்லறைக் கல். விண்டோஸ் 2000-ல அதுக்கு ஆயுசு 60 நாள். அதுக்கு மேல ஒரு சர்வர் தூங்கி எழுந்தா, சாவுச் சேதியே தெரியாம பழைய ஆளைத் தூக்கிட்டு வரும்.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல இதேதான் ஆச்சு. மூணு மாசம் அணைச்சு வெச்சிருந்த சர்வரைப் போட்டதும் 2042-ம் நம்பர் பிழை வந்துச்சு. 'இதுகிட்ட பேசி ரொம்ப நாளாச்சு, சேர்க்க மாட்டேன்'னு அர்த்தம். நான் அவசரக்குடுக்கை, அந்தப் பூட்டை உடைச்சு சேர்த்து விட்டேன். அந்த இடைவெளியில வேற டொமைனுக்கு மாறியிருந்த நண்பர், ஏட்டுல ரெண்டு இடத்துல முளைச்சார். ரெண்டுக்கும் ஒரே மெயில் முகவரி. எதுக்குக் கொடுக்கிறதுன்னு தெரியாம மெயிலெல்லாம் திரும்பிப் போச்சு. அவர் விசாவுக்குப் பேப்பர் கேட்டு வந்ததும் அதுல ஒண்ணு. இன்னிக்கும் அவரைப் பார்த்தா எனக்குக் கூச்சம்தான்.

சரியான வழி என்ன? ரெப்அட்மின் கட்டளையில எது எப்போ கடைசியா பேசிச்சுன்னு பார்க்கணும். சுத்தமான பிரதியோட ஒப்பிட்டு ஆவிகளை நீக்கணும். அப்புறம்தான் கதவைத் திறக்கணும். 2005-ல விண்டோஸ் சர்வர் 2003-க்கு வந்த முதல் சர்வீஸ் பேக், புதுசா அமைக்கிற இடங்களுக்குக் கல்லோட ஆயுசை 180 நாளாக்குச்சு. அவகாசம் கூடுச்சு, அவ்வளவுதான். வைத்தியம் அதேதான்.

பிழைச் செய்தி எதிரி இல்லைங்க, வாசல்ல நிக்கிற காவல்காரன். இதை நான் கத்துக்க ஒருத்தரோட விசா பேப்பர் தவறிப்போக வேண்டியிருந்துச்சு.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அம்மாவோட பேப்பர் எல்லாத்தையும் பாய்ல பரப்பி, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்கணும். அவசரப்படாம.