மெஷினை எங்க வைக்கிறது? ஒரு லயன் காம்பராவின் வரலாறு

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வொஷிங் மெஷின் வந்தது. கொழும்பில் வேலை செய்யும் அக்கா லீவுக்கு வந்தபோது பெல்மதுளை டவுனில் ஒரு கடையில் தவணைக்குப் பேசி, முதல் காசைக் கட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் த்ரீவீலரில் பெட்டி வந்து இறங்கியது. இரண்டு தொட்டி மெஷின். ஒன்று துவைக்கும், மற்றது பிழியும். இறக்கிய பெட்டி மூன்று நாள் இஸ்தோப்பில் பிரிக்காமலே கிடந்தது. அதை எங்க வைக்கிறது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியல.

சிரிக்கிற விஷயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கம்பஸில் வரலாறு படிக்கிற எங்களுக்கு, அந்த மூன்று நாள் சண்டையைக் கேட்கக் கேட்க, நோட்ஸில் எழுதி மனப்பாடம் செய்த மலையக வரலாறு முழுக்க அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து நிற்பது போல இருந்தது. மலையகம் என்றாலே எல்லோரும் நுவரெலியாவைத்தான் எழுதுகிறார்கள். இது சப்ரகமுவவில் ஒரு லயத்தின் கதை.

லயத்துக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது இரட்டை லயம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வரிசைக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். எங்கள் பின்சுவர்தான் அந்தப் பக்கத்து வீட்டின் பின்சுவரும். அதனால் பின்வாசல் இல்லை, பின்ஜன்னலும் இல்லை. இடது பக்கமும் வலது பக்கமும் வேறு குடும்பங்கள். வெளிச்சம், காற்று, தண்ணீர், மனுசர் எல்லாமே முன்பக்கத்தால்தான் வந்து முன்பக்கத்தால்தான் போக வேண்டும். காம்பரா 10க்கு 12 அடி. அதற்கு முன்னால் இஸ்தோப்பு. அதில் பாதியை அடைத்துக் குசினி. அதற்கு முன்னால் கான். இவ்வளவுதான் வீடு.

இனி மெஷினைப் பாருங்கள். அதற்குத் தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும், மட்டமான தரை வேண்டும். அழுக்குத் தண்ணீர் போக ஒரு வழியும் வேண்டும். எங்களுக்கு வந்த மாதிரி மெஷினில் தண்ணீரை வெளியே தள்ள மோட்டார் கிடையாது. குழாயைக் கீழே இறக்கிவிட்டால் தண்ணீர் தானாக வடியும். அப்படியானால் மெஷின் உயரமாகவும், கானுக்குப் பக்கத்திலும் நிற்க வேண்டும். இந்த நாலு விஷயமும் ஒன்றாக இருக்கிற ஒரு இடம் எங்கள் வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

லயத்தின் பிளான் கோப்பிக் காலத்தில் வந்தது. அப்போது தொழிலாளி என்றால் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து, பழம் பறித்து, திரும்பிப் போகிற ஆள். அவர் இரவில் படுக்க ஒரு கூரை போதும் என்று கணக்குப் போட்டார்கள். விடியக்காலையில் பெரட்டு, பொழுது சாயும்வரை மலை, பிறகு படுக்கை. குளிப்பதும் துவைப்பதும் அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்கு ஆறு இருக்கிறது, பீலி இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார். 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு இறப்பர் கன்றுகள் வந்தன. தேயிலைக்கும் இறப்பருக்கும் வருசம் முழுக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இங்கேயே செத்தார்கள். ஆனால் காம்பராவின் பிளான் மட்டும் பழம் பறிக்க வந்த ஆளுக்குப் போட்டதாகவே இருந்துவிட்டது.

இதே காலத்தில் அந்தத் துரைமாரின் சொந்த நாட்டில் என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தோம். 1832இல் லிவர்பூலில் கொலரா பரவியபோது, கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண் தன் வீட்டிலிருந்த கொதிகலனை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். நோயாளிகளின் துணியை அங்கே கொண்டுபோய் அவித்துத் துவைத்தார்கள். அந்த வேலையைப் பார்த்து 1842இல் அதே நகரத்தில் பொதுச் சலவைக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. 1846இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பொதுக் குளியலறைகளுக்கும் சலவைக் கூடங்களுக்கும் ஒரு சட்டமே போட்டது. அதாவது, ஏழைத் தொழிலாளி தன் துணியை எங்கே துவைப்பது என்பது அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று அவர்களுக்கு 1846இலேயே தெரியும். அதே ஆண்டுகளில்தான் இங்கே கோப்பி மலைகளில் ஆட்களைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே லயங்களையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் ஓரளவு சுத்தமாக வைத்திருப்பது துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் சொன்னது. ஓரளவு! அந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் இன்னும் குடியிருக்கிறோம்.

சரி, வீட்டுச் சண்டைக்கு வருவோம்.

குசினியில் வைக்கலாம் என்று தம்பி சொன்னான். அங்கே விறகடுப்பு இருக்கிறது, அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறது. மெஷின் போனால் அம்மா வெளியே நிற்க வேண்டியதுதான். அடுப்புக்கு மேலே ஏன் துணி காய்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இரத்தினபுரிப் பக்கம் வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. வெயிலை நம்பித் துவைத்தால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மூன்று நாளாலும் காயாது, புகையில் காய்ந்தால் மஞ்சளாகிவிடும். அதனால் அம்மாவுக்கு இந்த மெஷினில் துவைக்கிற தொட்டி மேல் பெரிய ஆசை இல்லை. பிழிகிற தொட்டி மேல்தான் கண். பால் வெட்டுக்குப் போகிற துணியை எந்த மெஷினாலும் வெளுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். இறப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் பட்டதுதான்.

உள்ளே, காம்பராவின் மூலையில் வைக்கலாம் என்றார் அப்பா. அங்கே சாமிப் படம் இருக்கிறது. அப்பாயி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அழுக்குத் துணியும் தீட்டுத் துணியும் சுத்துற சாமான சாமிக்கு முன்னால வைப்பியா?" இதைக் கேட்டு நாங்கள் முதலில் கோபப்பட்டோம். மாதவிடாய் பற்றி அப்பாயிக்கு ஒரு லெக்சர் கொடுக்கவும் ஆரம்பித்தோம். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு அவர் சொன்ன கதைதான் எங்கள் வாயை அடைத்தது.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் தோட்டத்தில் டோபி என்று ஒரு குடும்பம் இருந்தது. தோட்டச் சம்பளத்தில் டோபிக்கும் பாபருக்கும் என்று காசு கழிக்கிற வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. கோயில் காசும் சங்கக் காசும் கழிகிற மாதிரித்தான். பிள்ளை பிறந்தால், பொம்பளைப் பிள்ளை பெரிய மனுசியானால், ஆள் செத்தால், அந்தத் துணி டோபி வீட்டுக்குப் போகும். கப்பலேறி வந்தும் சாதியை விட்டுவிட்டு வரவில்லை. யார் அழுக்கை யார் தொடுவது என்ற ஒழுங்கைத் தோட்ட நிர்வாகம் செக்ரோலில் பதிந்து நடத்தியது. லயங்களைப் பிரித்ததிலும் சாதி இருந்தது. பீலியில் யார் மேலே நிற்பது, யார் கீழே ஓடிவருகிற தண்ணீரில் துவைப்பது என்பதிலும் இருந்தது. அந்த டோபி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடினதற்குத் தான் அடி வாங்கியதை அப்பாயி சொன்னார். "இப்ப அந்த வேலைய மெஷின் செய்யுது. நல்லதுதான். ஆனா சாமிக்கு முன்னால வேணாம்." இதில் எது மாறியது, எது மாறவில்லை என்று எங்களால் இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்பாயியின் தீட்டு எங்களுக்கு ஒத்துவராது. ஆனால் அந்த மெஷின் யாருடைய கைக்குப் பதிலாக வந்தது என்பதை வீட்டில் அவர் ஒருவர்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாயிக்கு மெஷினை எங்கே வைப்பது என்பதை விட, அதை வாங்கினதே பிடிக்கவில்லை. அவருக்கு வீட்டுச் சாமான் என்றால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். அப்பாயியின் அண்ணன் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு இந்தியா போனார். பிறகு 1977, 1981, 1983. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன, பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய்த் திரும்பவே இல்லை. அப்பாயி இரண்டு ராத்திரி இறப்பர் மலையில் பிள்ளைகளோடு படுத்திருந்தார். திரும்பி வந்தபோது கதவு இல்லை, அண்டா இல்லை, தையல் மெஷின் இல்லை. அந்தத் தையல் மெஷினைச் சீட்டுப் போட்டு வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு அவர் தன் காசில் பாரமான சாமான் எதையும் வாங்கினதில்லை.

மூன்றாவது யோசனை அப்பாவுடையதுதான். இஸ்தோப்பை இன்னும் ஆறடி முன்னால் இழுத்து, தகரம் போட்டு, சீமெந்து பூசி ஒரு சின்ன இடம் கட்டுவது. நல்ல யோசனை. ஆனால் அது எங்கள் நிலம் இல்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. 1992இல் நிர்வாகம் திரும்பக் கம்பனிகளிடம் வந்தது. காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, வேர்வை எங்களுடையது. ஐந்து தலைமுறை இருந்தும் காம்பராவுக்கு ஒரு துண்டு உறுதி கிடையாது. ஒரு சுவர் இழுக்க வேண்டுமானால் தோட்ட ஒஃபிசில் கேட்க வேண்டும். சில வருசத்துக்கு முன் அப்பா கேட்காமல் கோழிக்கூடு மாதிரி ஒன்று கட்டி, ஒரே கிழமையில் தன் கையாலேயே கழற்றினார். இந்தத் தடவை கேட்டார். "பாப்பம்" என்றார்கள். பாப்பம் என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

பிரதேச சபையிடம் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்க விடாமல் வைத்திருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சபைத் தேர்தலில் வாக்குப் போடுவோம், ஆனால் எங்கள் கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து போடச் சட்டம் இடம் கொடுக்காது. இப்படி 30 வருசம் போயிருக்கிறது.

நாங்களும் ஒரு யோசனை சொன்னோம். வியன்னாவில் 1930இல் கட்டி முடித்த கார்ல் மார்க்ஸ் ஹோப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் 1,300க்கு மேற்பட்ட வீடுகள். அத்தனை வீட்டுக்கும் பொதுவாக இரண்டு சலவைக் கூடங்கள். அதுபோல லயத்துக்குப் பொதுவாகப் பீலிக்குப் பக்கத்தில் ஒரு அறை, இரண்டு மெஷின். ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தவணை கட்டத் தேவையில்லை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய புத்தகம் ஒன்றில், வீட்டுக்குள் மெஷின் வந்ததால் அமெரிக்கப் பெண்களின் வேலை நேரம் குறையவில்லை, முன்பு வெளியே போன சலவையும் அவர்கள் தலையில் வந்து விழுந்தது என்று காட்டியிருக்கிறார். இதையெல்லாம் அம்மாவுக்கு உற்சாகமாக விளக்கினோம். அம்மா கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பொதுவா வச்சா கரண்ட் பில்ல யாரு கட்டுறது? பீலிக்கு யாரு முதல்லன்னு சண்ட போடுறது பத்தாதா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் யோசனை பிழை என்று இன்னும் நாங்கள் நினைக்கவில்லை. வியன்னாவில் அதைக் கட்டினது நகரசபை. எங்கள் லயத்தில் அதை அம்மாவின் தலையில் கட்டப் பார்த்தோம், அதுதான் பிழை.

கடைசியில் மெஷின் இஸ்தோப்பின் ஓரத்தில், நாலு சீமெந்துக் கல்லுக்கு மேலே பலகை போட்டு நிற்கிறது. தண்ணீரை வாளியில் ஊற்றுகிறோம். வயரிங் செய்ய வந்த பையன் ஏர்த் இல்லாமல் வேலை செய்ய மாட்டேன் என்று நின்றதால் ட்ரிப் சுவிட்சுக்கும் சேர்த்துச் செலவானது. மழைச் சாரல் அடிக்காமல் பழைய ரெட்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். அழுக்குத் தண்ணீர் நுரையோடு கானில் இறங்கி, ஆறு வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஓடுகிறது. மூன்றாம் வீட்டு மதினிக்கும் அம்மாவுக்கும் அதில் ஒரு கிழமை பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு அடைமழை நாளில் மதினி பிள்ளையின் ஈர யூனிஃபோர்மோடு வந்து, "அண்ணி, இத மட்டும் பிழிஞ்சு தாறீங்களா" என்று நின்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிழிகிற தொட்டிக்கு மட்டும் ஒரு வரிசை நிற்கிறது. கரண்டுக்கு 20 ரூபா என்று தம்பி ஒரு டின்னை வைத்தான். அம்மா அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மெஷின் வந்த அட்டைப் பெட்டியை அடுப்பெரிக்கத் தம்பி கிழிக்கப் போனபோது அப்பாயி விடவில்லை. நைலோன் பட்டியைக்கூட வெட்டாமல் கழற்றச் சொல்லி, பெட்டியை மடித்து, தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்.