லாக் அவுட் பட்டனைக் காணோம்

2022 நவம்பர் 6. ஒரு வி.ஆர். கேம் ரிலீஸ் ஆகுது. 10,000 பேர் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு உள்ள போறாங்க. க்ளைன்னு ஒருத்தர், வீட்டுக்கு பீட்சா ஆர்டர் பண்ணியிருக்கார். அது வர்ற நேரம் ஆச்சேன்னு மெனுவைத் திறந்தா, லாக் அவுட் பட்டன் இல்லை. கேமில் செத்தா நிஜத்திலும் சாவு. வெளியே வர ஒரே வழி, 100 தளங்களையும் ஜெயிக்கணும்.

இதுதான் 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்'. அனிமே வந்தது 2012 ஜூலையில். ஆனா கதை அதுக்கும் 10 வருஷம் பழசு. ரெகி கவஹாரா ஒரு நாவல் போட்டிக்காக இதை எழுதினார். பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் அனுப்ப முடியலை. தன் வெப்சைட்டிலேயே போட்டார். 2008-ல் அவருடைய இன்னொரு நாவலுக்குப் பரிசு கிடைத்த பிறகுதான், 2009-ல் இது புத்தகமாச்சு.

2002-லேயே இன்னொரு அனிமே வந்தது, 'டாட் ஹேக் சைன்'. அதிலும் சுகாசான்னு ஒரு பாத்திரம், லாக் அவுட் பண்ண முடியாம மாட்டிக்கும். ஆனா சுகாசாவுக்கு வீட்டுக்குத் திரும்பவே மனசில்லை. ரெண்டு தொடருக்கும் இசை ஒருவர்தான், யூகி கஜியுரா.

ஏன் அந்தக் காலத்தில் இந்த பயம்? 1997-ல் அல்டிமா ஆன்லைன், 1999-ல் எவர்க்வெஸ்ட் வந்தாச்சு. மாசச் சந்தா கட்டி, ராத்திரி பகலா விளையாடினாங்க. எவர்க்வெஸ்ட்டுக்கு 'எவர்கிராக்'னு போதைப்பொருள் பெயரையே வச்சாங்க. பட்டன் இருந்தும் வெளியே வராதவங்க நிஜத்திலேயே இருந்தாங்க.

அனிமே வந்த அடுத்த மாசமே, 2012 ஆகஸ்டில், பால்மர் லக்கியின் ஆக்யுலஸ் ரிஃப்ட் கிக்ஸ்டார்ட்டரில் இறங்கி, சுமார் 24 லட்சம் டாலர் திரட்டியது. 2014-ல் ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு வாங்குவதா அறிவிச்சது. கதையில் வரும் அதே 2022 நவம்பர் 6 அன்று லக்கி ஒரு பதிவு போட்டார்: கேமில் தோத்தா ஆளைக் கொல்லும் ஹெட்செட் ஒன்றைச் செஞ்சிருக்கேன், வெடிமருந்து வச்சு. போட்டுப் பார்க்க அவருக்கே தைரியம் வரலையாம். இப்போதைக்கு ஆபீஸ் அலங்காரம்தான்னு எழுதினார்.

எனக்கு அந்த வெடிமருந்து பெருசாத் தெரியலை. கதையில் கேமை உருவாக்கின கயாபா சொல்றதுதான் பயம்: பட்டன் இல்லாதது பக் இல்லை, டிசைனே அதுதான்.

என் முதல் வேலையில் ஒரு டிக்கெட் வந்தது. 'டெலீட் அக்கவுண்ட்' பட்டனை செட்டிங்ஸில் நாலு ஸ்கிரீன் உள்ளே தள்ளணும். அரை மணி நேர வேலை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை. ஏன்னு நானும் கேட்கலை. முடிச்சு, டிக்கெட்டை குளோஸ் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

இன்னைக்கு உங்க போனில் ஏதாவது ஒரு ஆப்பை எடுங்க. அந்தப் பட்டன் எத்தனை ஸ்கிரீன் உள்ள இருக்குன்னு எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க. அங்கே வச்சவனும் என்னை மாதிரி ஒருத்தன்தான். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.