வழுக்கி விழுந்தவரும் இடத்திற்குரியவரும்: பெங்களூருவை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

பிறர்க்குரிய இடத்தில் கால் இடறியோ வழுக்கியோ விழுந்து காயமுற்றவர், அவ்விடத்திற்குரியவரிடம் இழப்பீடு கோர இயலுமா என்னும் வினா எளியதாகத் தோன்றும். தனியார் இடமாயின் இதற்கு விடை ஓரளவு தெளிவாகவே உள்ளது. நடைபாதை போன்ற பொது இடமாயின், அவ்விடம் யார் வசம் இருந்தது என்பதே வழக்கின் முதற்சிக்கலாகி விடுகின்றது. இந்தியாவில் இப்பொறுப்பை வரையறுக்கும் தனிச்சட்டம் எதுவும் இல்லை; நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகவே இது வளர்ந்து வந்துள்ளது. ‘விழுந்தவர் எதன்பொருட்டு வந்தார்?’ என்னும் பழைய வினா, ‘இடம் யார் வசம் இருந்தது?’ என்னும் வினாவாக மாறியதையும், அப்புதிய வினா பெங்களூருவின் நடைபாதைகளில் எதிர்கொள்ளும் தடையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டுகளில் கருதாப் பிழை

கருதாமல் நேர்ந்த தீங்கிற்கும் ஈடு செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. வேட்டையில் விலங்கை நோக்கி எய்த அம்பு மனிதர்மேல் பட்டு உயிர் போன நிகழ்வுகளைச் சோழர்காலக் கல்வெட்டுகள் சில குறிப்பிடுகின்றன. அத்தகைய நேர்வுகளில் எய்தவனைக் கொலைஞனாகக் கருதாமல், இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கெரிக்கக் கால்நடைகளை அளிக்குமாறு ஊரவரும் நாட்டவரும் முடிவு செய்துள்ளனர். ‘கருத்து இல்லை, ஆயினும் கடமை உண்டு’ என்பதே இம்முடிவுகளின் உட்பொருளாகும். எனினும் இரண்டு வேறுபாடுகளை இங்கு நோக்குதல் தகும். அங்கு ஈடு பெரும்பாலும் கோயிலைச் சேர்ந்தது. இன்றைய சட்டம் அதனைக் காயமுற்றவர்க்கும், உயிரிழப்பாயின் குடும்பத்தார்க்கும் உரியதாக்குகின்றது. இறந்தவரின் குடும்பத்தார் வழக்குத் தொடர 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வழிவகுத்தது. மேலும், கல்வெட்டுகள் கூறுவது ஒருவர் செய்த செயலால் விளைந்த தீங்கு. ஓர் இடத்தைப் பேணாது விட்டமையால் விளையும் தீங்கோ வேறுவகையினது.

ஏரியும் இருப்புப்பாதையும்

இடத்தின் நிலையால் விளைந்த தீங்கு குறித்துத் தென்னிந்தியாவிலிருந்து எழுந்த தொடக்ககால வழக்குகளுள் குறிப்பிடத்தக்கது, சென்னை இருப்புப்பாதைக் குழுமம் கார்வேட்டிநகர் சமீன்தார்மீது தொடுத்ததாகும். பெருமழையில் சமீன்தாரின் ஏரிகள் உடைந்து இருப்புப்பாதைக்குச் சேதம் நேர்ந்தது. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1874இல் இவ்வழக்கில் தீர்ப்பு வழங்கியது. அபாயம் தரத்தக்க பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது வெளியேறித் தீங்கு விளைத்தால் கவனக்குறைவு இல்லாதபோதும் பொறுப்பாவார் என இங்கிலாந்தில் 1868இல் ஒரு விதி உறுதிசெய்யப்பட்டிருந்தது. அவ்விதி ஏரிகளுக்குப் பொருந்தாது என்பதே கவுன்சிலின் முடிவு. ஏரிகள் தொன்றுதொட்டு வருபவை, வேளாண்மைக்கு இன்றியமையாதவை, அவற்றை அழிக்கச் சமீன்தாருக்கு உரிமை இல்லை, காக்கும் கடமையே உண்டு, ஆதலின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் பொறுப்பாகார் எனக் கொள்ளப்பட்டது. பொதுநலத்திற்காகப் பேணப்படும் ஒன்றிற்குத் தனியார் உடைமைக்குரிய கடுமையான அளவுகோலைப் பொருத்தலாகாது என்னும் கருத்து இங்கு இடம்பெறுவதைக் காணமுடிகின்றது. பொது அமைப்புகளின் பொறுப்பு பற்றிய பிற்கால வாதங்களில் இக்கருத்தின் சாயல் தொடர்கின்றது.

வந்தவர் யார் என்னும் வினா

ஆங்கிலேயச் சட்டம் ஓரிடத்திற்கு வருவோரை அழைக்கப்பட்டவர், இசைவு பெற்றவர், அத்துமீறி நுழைந்தவர் என மூவகையாகப் பகுத்தது. இப்பகுப்பிற்கு அடிப்படையான 1866ஆம் ஆண்டு வழக்கு ஒரு வீழ்ச்சியைப் பற்றியதே. சர்க்கரை ஆலையொன்றில் எரிவாயுக் கருவியைச் சோதிக்கச் சென்ற தொழிலாளி, தடுப்பில்லாத திறப்பு ஒன்றின் வழியே கீழே விழுந்தார். தொழில் நிமித்தம் வந்தவர்க்கு, தான் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய வழக்கத்திற்கு மாறான அபாயத்திலிருந்து காப்பளித்தல் இடத்தை வசம் வைத்திருப்பவரின் கடமை என நீதிமன்றம் வரையறுத்தது. அழைக்கப்பட்டவர், இசைவு பெற்றவர் என்னும் வேறுபாட்டை இங்கிலாந்து 1957இல் சட்டத்தின் மூலம் நீக்கியது. 1984இல் அத்துமீறி நுழைந்தவர்க்கும் ஓரளவு காப்பு அளித்தது.

இந்தியாவில் இத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. ஆயினும் வந்தவரின் தகுதியை மட்டும் நோக்கும் முறையை உச்ச நீதிமன்றம் 1963லேயே ஏற்கவில்லை. பீகாரில் ஒருவர் தம் கழிப்பறையை அயலார் பயன்படுத்தாதிருக்க மின்சாரம் பாயும் கம்பியைப் பொருத்தினார்; அதில் பட்டு ஒரு பெண் உயிரிழந்தார். அத்துமீறி நுழைந்தவர் என்பதனாலேயே ஒருவர்க்கு ஊறு செய்யும் பொறியை அமைக்க உரிமை இல்லை எனக் கூறி, உரிமையாளர்க்கு அளிக்கப்பட்ட தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது.

மணிக்கூண்டும் மரமும்

பொது அமைப்புகளின் பொறுப்பைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. தில்லி சாந்தினி சௌக்கில் இருந்த மணிக்கூண்டு 1951இல் இடிந்து விழுந்து மூவர் உயிரிழந்தனர். கட்டடம் ஏறத்தாழ 80 ஆண்டுப் பழமையுடையது. அதன் சுண்ணச்சாந்தின் இயல்பான ஆயுளோ 40 முதல் 45 ஆண்டுகளே. குறைபாடு வெளிப்படையாகத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தெருவை ஒட்டிய கட்டடத்தைப் பேணும் கடமை உடையவரையே சாரும் என 1966இல் தீர்ப்பளிக்கப்பட்டது. நிகழ்வே கவனக்குறைவைப் பேசும் என்னும் விதி இங்குக் கையாளப்பட்டது. ஆயின் இராசகோட்டில் 1975இல் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், அம்மரம் விழும் என மாநகராட்சி முன்கூட்டி உணரக்கூடிய நிலை இல்லை எனக் கொண்டு, 1997இல் இழப்பீடு மறுக்கப்பட்டது. கட்டடம் மனிதர் எழுப்பியது, மரம் இயற்கையாய் வளர்வது என்னும் வேறுபாட்டினால் இவ்விரு தீர்ப்புகளையும் ஒருவாறு இணைத்துக் காணலாம். நடைபாதையோ முழுவதும் மனிதர் அமைத்தது. ஆதலின் அதற்கு மணிக்கூண்டின் விதியே நெருங்கியது எனலாம்.

பெங்களூரு: பல கைகளில் ஒரு நடைபாதை

பெங்களூருவில் நகரத்திற்கும் தண்டுப் பகுதிக்கும் 1862இல் தனித்தனி நகராட்சிகள் தோன்றின. 1949இல் அவை ஒரே மாநகராட்சியாயின. கட்டடங்கள் சார்ந்த பேரிழப்புகளை இந்நகரம் பலமுறை கண்டுள்ளது. 1981இல் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தது. 1983இல் கங்காராம் கட்டடம் இடிந்தது. 2010இல் கார்ல்டன் டவர்ஸ் தீவிபத்தில் 9 பேர் இறந்தனர். இவற்றில் இடம் யார் வசம் இருந்தது என்பதைக் காட்டுதல் அரிதன்று.

நடைபாதையின் நிலை வேறு. பெங்களூருவின் நடைபாதைகள் பல, மழைநீர் வடிகாலின்மேல் பரப்பிய கற்பலகைகளே. பாதை மாநகராட்சியினுடையது; கழிவுநீர்க் குழிகளின் மூடிகள் 1964இல் அமைந்த குடிநீர், கழிவுநீர் வாரியத்தினுடையவை; மின்கம்பிகள் 2002இல் தோன்றிய மின்வழங்கல் நிறுவனத்தினுடையவை. 2023 நவம்பரில் காடுகோடி அருகே நடைபாதையில் கிடந்த மின்கம்பியை மிதித்து ஒரு தாயும் கைக்குழந்தையும் உயிரிழந்தனர். கால் பட்ட இடம் ஒருவருடையது, உயிர் பறித்த கம்பி மற்றொருவருடையது என்னும் நிலை இதனால் புலனாகும். ஒரு கற்பலகை புரண்டு விழுந்தவர், அதனைக் கடைசியாகப் பெயர்த்தவர் யார் என்று தாமே மெய்ப்பிக்க வேண்டிய நிலையும் இத்தகையதே.

வழக்காடும் மன்றத்திலும் வேறுபாடு உண்டு. வணிக வளாகத்திலோ தனியார் மருத்துவமனையிலோ விழும் வாடிக்கையாளர், சேவைக்குறைபாடு எனக் காட்டி நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 1986இல் உருவான இவ்வழி 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கின்றது. வரி செலுத்துவதால் மட்டும் ஒருவர் மாநகராட்சியின் நுகர்வோராகக் கருதப்படுவதில்லை. ஆகவே தெருவில் விழுந்தவர்க்கு எஞ்சுவது உரிமையியல் வழக்கே. அதற்குக் கோரும் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணமும் நெடுங்காலமும் தேவை. கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர்க்கு எளிய வழியும், தெருவில் நடக்கும் ஏழைக்கு அரிய வழியும் அமைந்துள்ளமை சிந்திக்கத்தக்கது.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாகக் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2019 சூலை ஆணையைக் கருதலாம். பெங்களூருவின் சாலைப் பள்ளங்கள் குறித்த பொதுநல வழக்கில், நல்ல நிலையிலுள்ள தெருவும் நடைபாதையும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், அவ்வுரிமை மீறப்பட்டால் மக்கள் இழப்பீடு கோரலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. மும்பை உயர் நீதிமன்றமும் 2025 அக்டோபரில் சாலைப் பள்ளங்களால் நேரும் இறப்பிற்கு 6 இலட்சம் ரூபாய் இழப்பீட்டை வரையறுத்தது.

தொகுப்புரை

வந்தவரின் தகுதியை ஆராய்ந்த சட்டம், இடத்தை வசம் வைத்திருப்பவரின் கடமையை ஆராயும் நிலைக்கு வளர்ந்துள்ளது. ஆயினும் அவ்வளர்ச்சி ஒருவர் வசமுள்ள இடத்திற்கே முழுப்பயன் தருகின்றது. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்ட பின்னர், எல்லை பற்றிய வினாவும் இதனுடன் சேர்ந்துள்ளது. நடைபாதைக்குரிய மாநகராட்சி காயமுற்றவர்க்கு முதலில் இழப்பீட்டை வழங்கி, பின்னர் உரிய நிறுவனத்திடம் அதனைப் பெற்றுக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டால் இச்சிக்கல் பெரிதும் தீரும். எய்தவன் யாரென்று தெரிந்த அம்பிற்கு அன்றைய நாட்டவர் ஈடு வகுத்தனர். பெயர்த்தவர் யாரென்று தெரியாத கல்லிற்கு ஈடு வகுப்பதே இன்றைய சட்டத்தின்முன் உள்ள பணியாகும்.