வெயிலில் தப்பிய நத்தை: தாகித்தியின் பார்டுலா ஹயலினா

தாகித்தி மர நத்தைகளின் அழிவை ஆராய்ந்தவர்கள் கொன்றதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தப்பியதைப் பற்றி எழுதியது குறைவு. பார்டுலா ஹயலினா என்னும் வெண்ணோட்டு நத்தைக்குக் காப்பாக நின்றது வெயில் என்பதும், அதைக் காக்க நினைப்பவர் காட்டுக்குள் விழும் வெளிச்சத்தையும் கவனித்தாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1967-இல் ஆப்பிரிக்க ராட்சத நத்தை தாகித்திக்கு வந்தது. மழைக்காலத்தில் நம் தோட்டங்களில் பப்பாளிக் கன்றை மொட்டையடிக்கும் அதே நத்தைதான். அதை ஒழிக்க 1974-இல் யூக்ளாண்டினா ரோசியா என்னும் ஊனுண்ணி நத்தையை விட்டார்கள். பூர்வீகம் அமெரிக்காவின் தென்கிழக்கு. சளித்தடத்தை முகர்ந்து பின்தொடர்ந்து இரையைப் பிடிப்பது அதன் வழக்கம். தடம் ராட்சத நத்தையுடையதா, சுமார் இரண்டு சென்டிமீட்டரே வளரும் உள்ளூர் நத்தையுடையதா என்ற பேதம் அதற்கில்லை. பக்கத்துத் தீவான மூரியாவில் அதையே 1977-இல் விட்டார்கள். பத்தே ஆண்டுகளில் அங்கிருந்த பார்டுலாப் பேரினத்தின் ஏழு இனங்களும் காட்டிலிருந்து மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. ஹவாயில் 1955-இலேயே இதே நத்தையை விட்டிருந்தும் அங்கே அதன் விளைவை யாரும் எட்டிப் பார்க்கவில்லை போலும்.

ஆனால் ஹயலினா தாகித்திப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் எஞ்சியது ஏன்? முதல் விடை இனப்பெருக்கம் சார்ந்தது. பார்டுலாக்கள் முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனுபவை, பெருக்கம் மெதுவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி கிராம்ப்டன் என்னும் உயிரியலாளர் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நத்தைகளைச் சேகரித்து, அறுத்துப் பார்த்து, உள்ளே இருந்த கருக்களை எண்ணிக் குறித்து வைத்தார். சிண்டி பிக் என்னும் ஆய்வாளரின் குழுவினர் அக்கணக்கை மீண்டும் ஆராய்ந்தபோது, அன்று அரிதாயிருந்த ஹயலினாவும் கிளாரா என்னும் இன்னொரு பார்டுலா இனமும், மலிந்து கிடந்த ஒட்டாஹெய்ட்டானா இனத்தைவிட அதிகக் குஞ்சுகளைச் சுமந்தது தெரிந்தது.

இரண்டாம் விடை 2021-இல் வெளிவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் மிகச் சிறிய கணினி உணரிகளை யூக்ளாண்டினாவின் ஓட்டின்மீதே ஒட்டி அனுப்பினர். ஹயலினா சட்டப் பாதுகாப்புப் பெற்றது, அதன்மேல் ஒட்ட முடியாது. ஆகவே பகலில் அது ஒட்டிக்கொண்டு உறங்கும் இலைகளின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் உணரிகளை வைத்தார்கள். நண்பகலில் ஹயலினாவின் இருப்பிடத்தில் விழுந்த ஒளி, யூக்ளாண்டினா இருந்த இடத்தைவிடச் சராசரியாகப் பத்து மடங்கு. வெள்ளை ஓடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வேட்டை நத்தையின் ஓடோ நிறம் கூடியது. இரவில் காட்டோரத்துக்கு வந்தாலும், விடிந்து வெயில் ஏறுமுன் நிழலுக்குத் திரும்ப அதற்கு நேரம் போதாது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளுவது தவறு. குஞ்சுகள் அதிகம் என்பது இழப்பைத் தாங்கும் திறனை விளக்கும். எந்த இடத்தில் தாங்கியது என்பதை விளக்காது. அதற்கு வெளிச்சம்தான் வேண்டும்.

இங்கேதான் மைகோனியா மரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. 1937-இல் அலங்காரச் செடியாக வந்து, இன்று தாகித்தியின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் பரவி, பேரிலைகளால் அடிக்காட்டை இருட்டாக்கும் மரம் அது. நிழல் வேட்டைக்காரனின் பக்கம் என்றால், மைகோனியா பரவும் ஒவ்வொரு சரிவும் ஹயலினாவின் புகலிடத்தைச் சுருக்குகிறது என்று ஊகிக்க இடமுண்டு. 2000-இல் அம்மரத்துக்கெதிராக விடப்பட்ட பூஞ்சை இலைகளை ஓட்டையிட்டு ஒளியை உள்ளே விடுகிறது. பிற செடிகளைத் தாக்காதென்று முன்கூட்டியே சோதித்த பிறகே அதை விட்டார்கள். 1974-இல் நத்தைக்கு அப்படிச் சோதனை எதுவும் நடக்கவில்லை. 2015 முதல் உயிரியல் பூங்காக்களில் வளர்த்த பார்டுலாக்களைத் தீவுகளில் மீண்டும் விட்டுவருகிறார்கள். விடும் இடத்தைத் தேரும்போது ஒளியளவும் ஓர் அளவுகோலாக வேண்டும்; அப்பூஞ்சை தாக்கிய சரிவுகளிலிருந்தே அந்த அளவீட்டைத் தொடங்கலாம்.