பெயரும் பேரேடும்

பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே தொழிலாளர் பெயர்கள் ‘செக்றோல்’ எனும் பேரேட்டில் ஆங்கில எழுத்திற் பதியப்பட்டன. எழுதியவர் செவிக்கேற்ப எழுத்தும் மாறியது. ‘ரீ’ ஒன்றாய், இரண்டாய், ‘எச்’ சேர்ந்ததாய், ஒரே முத்தையா மூவராயினார். கறுப்பையாவுக்கோ முதலெழுத்தே ‘கே’, ‘சீ’ எனப் பிறழ்ந்தது.

இது வெறும் எழுத்துப் பிழையன்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1 க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கோரிற்று. ஈரேடுகளில் இருவேறு பெயருடையார் ஒருவரே என்பதை எங்ஙனம் நிறுவுவது?

அத்தகைய ஏடுகளைக் கணினியில் ஏற்றித் தேடுங்கால், அடிக்கோடு ஏதேனும் ஓரெழுத்துக்கு ஈடாகும். விழுக்காட்டுக் குறி எத்தனை எழுத்துக்கும் ஈடாகும். முதலெழுத்திடத்து அடிக்கோடிட்டால் இரு கறுப்பையாக்களும் அகப்படுவர். ‘எம், யூ, ரீ’ என்பவற்றின்பின் விழுக்காட்டுக் குறியிட்டால் முத்தையா மூவரும் வருவர். முத்துச்சாமியும் உடன் வருவார். தந்தை பெயரும் தோட்டப் பிரிவும் கொண்டே அவரை விலக்கல் வேண்டும்.