டேட்டைம் இறக்குமதிப் பிழைகள்

டேட்டைம் என்பது பைதன் மொழியில் திகதியையும் நேரத்தையும் கையாளும் அடிப்படை மொடியூல். அதைச் செய்நிரலுக்குள் அழைக்கும் வரி தவறினால் எழுபவை இறக்குமதிப் பிழைகள். இலங்கையில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் பைதனைக் கற்பிப்பதால், மாணவர்கள் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

காரணங்களும் திருத்தமும்

மொடியூலுக்கும் அதனுள் இருக்கும் வகுப்புக்கும் டேட்டைம் என்ற ஒரே பெயர் இருப்பதே முதற்காரணம். ‘இம்போர்ட் டேட்டைம்’ என எழுதினால் மொடியூல் வரும். இன்றைய திகதிக்கு ‘டேட்டைம்.டேட்டைம்.டுடே’ என்றே கேட்க வேண்டும். ‘ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்டைம்’ என எழுதினால் வகுப்பு மட்டும் வரும், அப்போது ‘டேட்டைம்.டுடே’ போதும். இரண்டையும் ஒரே கோப்பில் எழுதினால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். ஆகவே ஒரு முறையையே கோப்பு முழுவதும் கையாள வேண்டும்.

பயிற்சிக் கோப்புக்கே டேட்டைம் எனப் பெயரிடுவது இரண்டாவது காரணம். பைதன் அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையில் முதலில் தேடுவதால் மாணவரின் கோப்பையே எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றினால் பிழை நீங்கும்.

நேரவலயங்களுக்கான சோன்இன்ஃபோ மொடியூல் பைதன் 3.9 பதிப்பிலிருந்தே உண்டு. விண்டோஸ் கணினியில் அதற்கு டிஇஸட்டேட்டா பொதியையும் பிப் மூலம் நிறுவ வேண்டும்.

இலங்கை நேரம்

இறக்குமதி சரியானாலும் நேரவலயத்தைத் தவறாகக் கொண்டால் விடை பிழைக்கும். இலங்கை 1996 மே 25இல் நேரத்தை ஆறரை மணியாகவும், அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறு மணியாகவும் மாற்றியது. 2006 ஏப்ரல் 15இல் பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. இவை உலகப் பொது நேரத்திலிருந்து கணக்கிடப்படுபவை. 2000ஆம் ஆண்டில் கேகாலையில் நள்ளிரவு 12.15க்குப் பிறந்த குழந்தையின் நேரம் உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்பட்டிருந்து, அதை ஐந்தரை மணி எனக் கொண்டு மீட்டால், பிறந்தநாள் முந்தைய நாள் இரவு 11.45க்குப் போய்விடும். ‘ஏசியா/கொழும்பு’ வலயத்தைப் பயன்படுத்தினால் இந்தத் தவறு நேராது.

அடையாள அட்டை எண்

திகதிக் கணக்கு தவறக்கூடிய இன்னோர் இடம் அடையாள அட்டை எண். பழைய தேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, பிறந்த நாள் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்கள் கொண்டதாகக் கொள்ளப்படுவதால், மார்ச் 1 எப்போதும் 61ஆம் நாள். டேட்டைம் கொண்டு அந்த நாளெண்ணை நேரடியாகத் திகதியாக மாற்றினால் சாதாரண ஆண்டில் மார்ச் 2 என விடை வரும். ஆகவே பெண்களின் எண்ணில் 500ஐ நீக்கிய பின், சாதாரண ஆண்டுகளில் 60ஐ விஞ்சிய எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

சப்ரகமுவத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கும் இறப்பர்ப் பால் வெட்டுபவர்களுக்கும் இவ்வாறு கணக்கிடப்படும் பிறந்த திகதி பெறுமதி மிக்கது. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். அதற்குப் பதிவுகள் ஒத்துப்போக வேண்டும். பிழைச்செய்தி மறைந்ததும் வேலை முடிந்ததெனக் கொள்ளாமல், மார்ச் 1இல் பிறந்த ஒருவரின் எண்ணை இட்டு விடையைச் சோதிப்பது செய்நிரல் எழுதுபவரின் கடமை.