தந்தியும் இணையமும்: யாழ்ப்பாணத்துப் புலப்பெயர்வில் தொடர்பின் இரு முனைகள்

யாழ்ப்பாணத்தார் பிறநாடு சென்று வாழ்ந்த வரலாற்றை எழுதுவோர் அவர்கள் சென்ற காரணங்களையும் அனுப்பிய பணத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சென்றவர்கள் வீட்டாரோடு எவ்வாறு தொடர்பு பேணினர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. தொடர்புக்கு இரு முனைகள் உள. ஒரு முனையில் மட்டும் வசதி பெருகுவதாற் பயனில்லை என்பதை யாழ்ப்பாணம் கடந்த நூற்றாண்டில் இருமுறை அறிந்தது.

வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரியும் அதன்வழித் தோன்றிய பாடசாலைகளும் ஆங்கிலங் கற்ற இளைஞரை உருவாக்கின. மலாயாவில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதற் புகையிரதம் ஓடியது. அதன்பின் விரிந்த புகையிரதப் பகுதியும் நில அளவைப் பகுதியும் அவ்விளைஞரை வரவேற்றன. சென்னையைப் பினாங்குடனும் சிங்கப்பூருடனும் இணைத்த கடலடித் தந்திக்கம்பி 1871 முதலே இயங்கியது. ஆயினும் சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் அறவிட்ட தந்தி உத்தியோகத்தர் குடும்பங்களுக்கு அன்றாடச் சாதனமாகவில்லை. படலையில் தந்திச் சேவகனைக் கண்டதும், உறையைப் பிரிக்குமுன்னரே ஒப்பாரி எழுவதுண்டு. வாழ்வை நடத்தியவை கடிதமும் காசுக்கட்டளையுமே. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முற்றுப்பெற்றபின் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய தபால் விரைந்து வடக்கே வந்தது. ‘மணியோடர் பொருளாதாரம்’ என அறிஞர் வழங்கும் தொடரின் பின்னணியில், ஊரின் தபாற்கந்தோரும் எழுத்தறியாத தாய்க்குக் கடிதத்தை வாசித்துக் காட்டிய தபாற்காரரும் இருந்தனர்.

சிங்கப்பூர் 1942 பெப்ரவரி 15இல் யப்பானியரிடம் வீழ்ந்ததும் இவ்வொழுங்கு அறுந்தது. மூன்றரை ஆண்டுகள் காசுக்கட்டளை வரவில்லை. அதனினுங் கொடிது, உயிருடன் உளரா என்னும் செய்தியும் வரவில்லை. அக்காலத்து இடையூறு தொலைவிலிருந்த முனையில் நேர்ந்தது. ஊரில் தபாற்கந்தோர் திறந்தே இருந்தது.

அரைநூற்றாண்டின்பின் நிலைமை தலைகீழாயிற்று. 1983இன் பின்னர் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் குடியேறியோர் தொலைபேசியையும் 1990களில் இணையத்தையும் பெற்றனர். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது குடாநாடோ மின்சாரமும் தொலைபேசியும் புகையிரதமும் இழந்தது. மண்ணெண்ணெயும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுழற்ற, அதன் டைனமோ தந்த மின்னில் வானொலி இயங்கியது. இலண்டனிலிருந்து வந்த தமிழோசையைச் சூழ்ந்திருந்து கேட்டனர். வெளிநாட்டு மகனின் குரலைக் கேட்க விரும்பிய பெற்றோர் அனுமதி பெற்று, கொம்படி, ஊரியான் வெளிகளையும் பின்னர் கிளாலிக் கடனீரேரியையும் கடந்து, வவுனியாவுக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருந்தது. உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற சில நிமிட உரையாடலை வசதிக்குறைவு என்று மட்டும் எழுதிச் செல்லுதல் வரலாற்றாசிரியருக்கு அழகன்று.

இலங்கையில் வணிக இணையச் சேவை தொடங்கியது 1995இல். அவ்வாண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். இரு நிகழ்ச்சிகளும் ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை.

சிங்கப்பூரில் 1997இல் நடந்த தமிழிணைய மாநாடு எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் பற்றி ஆராய்ந்தது. தமிழ் கணினித்திரையில் ஏறும் முயற்சியிற் புலம்பெயர்ந்த ஈழத்தவரும் பங்கு கொண்டனர். அவர்கள் எழுதியதைக் குடாநாட்டிலிருந்தோர் காண 2002இன் போர்நிறுத்தமும் ஏ-9 வீதித் திறப்பும் தேவைப்பட்டன. அதன்பின்னரே யாழ்நகரில் இணைய நிலையங்கள் பெருகின. 2005 தைப்பொங்கலன்று ‘நூலகம்’ என்னும் மின்னூலகத் திட்டம் தொடங்கிற்று. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் இழப்பை மறவாதோர் ஈழத்து நூல்களை மின்வடிவாக்க முனைந்தனர். உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் இருந்தோர் ஒரே பணியில் இருமுனையிலும் இணைந்தனர். மறு ஆண்டு ஓகத்தில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. நூல்களை மின்வடிவாக்கும் பணி நிற்கவில்லை.